நெகட்டிவில் மழித்த மீசை

பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசியாக உரசிவிட்டு, சந்திரமதி மூச்சை நிறுத்துகிறாள். சாய்மேசையின் கண்ணாடியில் ஒரு நெகட்டிவ். நெற்றி கறுப்பு, தலைமுடி வெள்ளை, மீசையும் வெள்ளை. அந்த வெள்ளையைப் புள்ளி புள்ளியாகப் பென்சிலால் அடைத்தால் படத்தில் மீசை மெலியும். முழுக்க அடைத்தால் இல்லாமலே போகும். முப்பது புள்ளிக்கு ஒரு மூச்சு.

காஜா பேராங் சடக்கில், சாலையைப் பார்த்தபடி தெய்வநாயகத்தின் ஸ்டுடியோ. ஜப்பான்காரன் சண்டை முடிந்த வருடம் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது கோயில் தலைவரும் சங்கத் தலைவரும் கன்னத்தைத் தொடும் மீசையோடு வருவார்கள். படத்தில் ஒரு முனை தாழ்ந்திருந்தால் திருப்பிக் கொண்டுவருவார்கள். சில வருடத்தில் மீசை உதட்டோரத்தில் வந்து நின்றது. பிறகு பென்சில் கோடு. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாள் அறிவிக்கப்பட்ட பிறகு, மேடையேறும் உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக மழித்த முகம் கேட்டார்கள்.

"இந்த வருசம் தலைவருங்க மூஞ்சி சவர்க்காரக் கட்டி மாதிரி இருக்கணுமாம்" என்றாள். சிரிக்கவில்லை.

அவளுக்குப் பெயர்கள் நிற்பதில்லை. ஆட்களை மேலுதட்டைக் கொண்டு நினைவில் வைத்திருக்கிறாள். 'எறும்பு வரிசை வந்தாரு', 'துடைப்பம் பாக்கி வாங்கிப் போகலை' என்பாள். தலைமுறைகளாக மலாய் பேசித் தமிழ் மறந்துபோன செட்டிக் குடும்பத்தாரும் மீசையை மீசை என்றுதான் சொல்கிறார்கள். அவர்களோடு அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

நகரசபைக்கு நின்ற கணேசமூர்த்தி, தன் பழைய படத்தைச் சுவரொட்டிக்குக் கேட்டு வந்தார். மீசை மட்டும் வேண்டாம். அப்பா இருக்கிறாரா என்று சந்திரமதி கேட்டாள். புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் நன்றாக இருக்கிறார் என்றார். அப்படியென்றால் எடுக்க மாட்டேன் என்றாள். தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். சனங்கள் அப்படித்தான் படிப்பார்கள். கணேசமூர்த்திக்கும் அது தெரியும். அதனால்தான் நேரில் மழிக்கப் பயந்து, படத்தில் மழிக்க வந்திருந்தார். சுவரொட்டி டவுனைத் தாண்டாது என்று சத்தியம் செய்தார். முதலாளியும் அதட்டினார். அவள் செய்தாள்.

யாரோ ஒரு சுவரொட்டியைப் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். அந்த பஸ் புக்கிட் ரம்பாய்க்குப் போனது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா வேலாயுதம் ஸ்டுடியோவுக்குள் வந்தார். முன்னாள் கங்காணி. காது வரை மீசை.

"நான் பசியாறிக்கிட்டு இருக்கேன், எங்கிட்டயே எழவு கேக்க வர்றானுங்க. எவன் கை எடுத்துச்சு எம்மவன் மீசையை?"

தெய்வநாயகம் கல்லாவைப் பார்த்தார். சந்திரமதி திரைக்குப் பின்னிருந்து வந்தாள்.

"என் கைதான் ஐயா. மாட்டேன்னேன். அப்புறம் செஞ்சேன்."

பொழுது சாய்வதற்குள் இந்த ஊர்ச் சுவரில் ஒரு மொட்டை உதடும் இருக்கக் கூடாது என்றார் கிழவர். புதிதாக அச்சடிக்க அச்சகத்துக்கு மூன்று நாள் வேண்டும். பெரியவர் மனம் ஆறாவிட்டால் நாளை முதல் நீ வர வேண்டாம் என்று முதலாளி அவர் எதிரிலேயே சொன்னார். அவள் திரைக்குப் பின்னால் போனாள். கறுப்பு மசிப் புட்டி, ஒற்றை மயிர்த் தூரிகை, முக்காலி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். சரிபார்ப்பதற்காகக் கிழவர் பின்னால் போனார்.

சுவர் சுவராக மீசை வைத்துக்கொண்டு போனாள். பசாரில் மீன் விற்கும் அஞ்சலை கூடையோடு நின்றுவிட்டாள்.

"எம்புருசனுக்கும் ஒண்ணு வரைஞ்சு விடுக்கா. பொறந்ததுலேருந்து மொளைக்கவே இல்ல."

"கூட்டிக்கிட்டு வா. மொதல்ல உதட்டைப் பாக்கணும்" என்றாள் சந்திரமதி, திரும்பாமல்.

இருபதாவது சுவரொட்டிவரை கிழவர் ஒவ்வொரு மீசையையும் அண்ணாந்து எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு, என்னை மாதிரி கொஞ்சம் முறுக்கி விடேன் என்றார். அவள் காதில் வாங்கவில்லை. கணேசமூர்த்திக்கு இருப்பது எதுவோ அதையே வரைந்தாள். இடது ஓரத்துக்கு வந்ததும் தூரிகையைத் தூக்கி, ஓர் அரிசி அகலம் விட்டு மறுபடி வைத்தாள்.

"அங்க ஏம்மா விட்டே? எல்லாத்துலயும் விட்டிருக்கே."

"அங்க அவருக்கு மொளைக்காது ஐயா. தழும்பு."

ஏழு வயதில் மகன் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. கிழவர் சுவரொட்டிக்கு அருகில் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முக்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்கு முன்னே நடந்தார்.

சந்திரமதி தூரிகையைக் கொண்டையில் செருகிவிட்டு, ஈர மீசை காயும்வரை அதன்மேல் மெல்ல ஊதிக்கொண்டு நின்றாள்.