வரப்பு வேம்பு

எனக்குக் கல்யாணமாகிப் பெரியபாளையம் பக்கம் வந்தபோது அறுபதுகளில் பாதி கடந்திருந்தது. அரை ஏக்கர் மல்லி, ஓரமாகக் கொஞ்சம் கனகாம்பரம். நானும் என் வீட்டுக்காரரும்தான் பாடுபட்டோம். பக்கத்து அரை ஏக்கர் அவருடைய அண்ணனுடையது, எனக்கு மூத்தார். கிணறு பொது. வரப்பில் நின்ற வேப்பமரமும் பொது.

எங்கள் செடிக்குச் சாணமும் கடலைப் பிண்ணாக்கும்தான் உரம். மொட்டில் புழு விழுந்தால் அந்த மரத்து வேப்பங்கொட்டையை இடித்து, ஊறவைத்து, வடிகட்டித் தெளிப்போம். சோறு பிசையும்போதுகூடக் கை கசக்கும். ஆனால் பூ நின்றது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மூத்தார் மருந்தடிக்கும் மிஷின் வாங்கினார். முதல் வருஷம் அவர் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்தது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. உனக்கும் நானே அடித்துத் தருகிறேன் என்று தம்பியிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் வேண்டாமென்றார். அது மூத்தாருக்கு உறைத்துவிட்டது. எங்கள் தோட்டத்துப் பூச்சிதான் அவர் செடியைத் தின்கிறது என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்.

மிஷினை அவர் கழுவியது எங்கள் பக்கம் வரும் வாய்க்காலில். தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வரும். வேறிடத்தில் கழுவும்படி என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். ஒருநாள் காலை எங்கள் கன்றுக்குட்டி அந்தத் தண்ணீரைக் குடித்தது. மத்தியானத்துக்குள் வாயில் நுரை தள்ளிச் செத்தது.

நான் மூத்தார் வாசலில் போய் நின்று கத்தினேன். சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார்.

"என் மருந்துதான் கொன்னுச்சுன்னு நீ பாத்தியா? வாசல்ல நின்னுகினு கத்தாதே. ஊட்டுக்குப் போ."

"உன் புள்ள குடிச்சிருந்தா இப்டி பேசுவியா?" என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அன்றுதான். அவர் மனைவி, என் ஓர்ப்படி, உள்ளேயிருந்து வந்து கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் திருப்பாச்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், வரப்பில் வேப்பமரம் இல்லை. பூவும் பிஞ்சுமாக எங்கள் மல்லிச் செடிகளை நசுக்கிக்கொண்டு கிடந்தது. நிழல் விழுகிறது, வெட்டினேன் என்றார் மூத்தார். எங்கள் பக்கம் விழும்படி கயிறு கட்டி இழுத்திருந்தார்கள். மரத்தில் கயிறு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது.

என் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூத்தார் மேல் இரக்கப்பட்டு அல்ல. இவர் ஜெயிலுக்குப் போனால் அந்த ஆள் தோட்டத்தை வளைத்துக்கொள்வார்.

ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு ஜனங்கள் குவிந்தபோது, நான் கூடையோடு ஆற்றங்கரையில் மரம் மரமாகப் போய் கொட்டைக்காக உதிர்ந்த வேப்பம்பழம் பொறுக்கினேன். மிதிபட்டதையும் விடவில்லை. கோயிலுக்கு வந்த ஓர்ப்படி பார்த்துவிட்டு, கூட வந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஆடியும் அப்படித்தான் பொறுக்கினேன். வரப்பில் முள்வேலி போட்டோம். வாய்க்காலைத் தூர்த்து வேறு பக்கமாக வெட்டிக்கொண்டோம்.

சில வருஷங்களில் மூத்தார் தோட்டத்துப் புழு மருந்துக்குச் சாகாமல் போனது. அவர் மேலும் மேலும் அடித்தார். செடி கருகியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் சந்தோஷமாகப் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் மஞ்சள் காமாலையில் செத்தார். பாடைக்குப் பூ வேண்டுமென்று ஓர்ப்படி ஆளனுப்பினாள்.

"எங்க தோட்டத்துப் பூ அவருக்குக் கெடையாதுன்னு போய்ச் சொல்லு" என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்த் தானே மொட்டு மொட்டாகப் பறித்தார். அவருடைய அண்ணன், நான் தடுக்கவில்லை. தொடுத்துக் கொடுக்கவும் இல்லை. பறைச் சத்தம் தெருவைத் தாண்டிப் போகும்போது நான் கனகாம்பரத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தேன்.