காய்ந்த செடிக்குக் கட்டிய சிவப்பு அட்டை

போன மார்கழியில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தது இது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் வாத்துகளைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலரோடு கிளம்பிவிடுவேன். தனியாகப் போய்க்கொண்டிருந்தவன், அந்த வருஷம் லைனில் இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் வாரம் ஊசிவால் வாத்துகள் நன்றாகவே காட்சி கொடுத்தன. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, அசெம்பிளியில் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரைச்சரிவில் குனிந்து குனிந்து யாருடனோ வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். செங்கோட்டைப் பக்கத்துக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, மகளை ஊரில் தன் அம்மாவிடம் விட்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்தும் போன்தானா என்று எனக்குள் ஒரு நமட்டுச் சிரிப்பு.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். கம்பெனியில் வேண்டாத பொருளுக்கு ‘ரெட் டேக்’ என்கிற சிவப்பு அட்டையைக் கட்டி அப்புறப்படுத்துவோம். அதில் நான் கில்லாடி. என் மேல் கட்டாமல் இருந்தால் சரி என்று மனைவி கிண்டல் செய்வாள். ஏரிக்கரையில் கிடந்த பாட்டில்களைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. அடுத்த ஞாயிறு சாக்கும் அரிவாளுமாகப் போனோம். அந்தப் பெண்ணுக்கு அன்று ஓவர்டைம் வேலை இருந்ததால் வரவில்லை.

குப்பை அள்ளியதோடு நிறுத்தியிருக்கலாம். சரிவில் கிலுகிலுப்பைச் செடிகள் காய்ந்து புதர்புதராக நின்றன. “இன்னா சார், இதுவும் குப்பையாதான கீது, அறுத்துடலாமா?” என்றார் கூட வந்த உள்ளூர்க்காரர். என் பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு அட்டைகளை எடுத்து, அறுக்க வேண்டிய புதர்களில் நானே கட்டினேன். அரிவாள் பட்டதும், கருப்பில் வெளிர்நீலப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பின. அட, என்ன அழகு என்று நின்று ரசித்தோம். ரசித்துவிட்டு மிச்சத்தையும் அறுத்தோம். கம்பெனியில் செய்வதுபோல அறுப்பதற்கு ‘முன்’, அறுத்த ‘பின்’ என்று இரண்டு படமும் போனில் எடுத்திருந்தேன்.

பொங்கல் லீவில் ஒரு காலை மறுபடி ஏரிக்குப் போனேன். மொட்டையாகக் கிடந்த அந்தச் சரிவில், செங்கோட்டைப் பெண் தன் மகளோடு நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள் பிள்ளை. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்: “இங்கனதான் சார், செடி முழுக்க பட்டாம்பூச்சியா அப்பிக் கெடந்துச்சு. அன்னிக்கு வீடியோல காட்டுனதுலேருந்து பிள்ளை அதையே கேட்டுக்கிட்டு இருக்கா. எவனோ அறுத்துப் போட்டுட்டான்.”

நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. “ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பேனே சார்” என்றார்.

குளிர்காலத்தில் அந்தப் பூச்சிகள் தேடி வருவதே காய்ந்த கிலுகிலுப்பையின் சாற்றை உறிஞ்சத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அந்த ‘முன்’ படம் மட்டும்தான். சிறுமி போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினாள். காய்ந்த இலை என்று நான் நினைத்ததில் பாதி, மூடிய இறக்கைகள். ஒவ்வொன்றாகத் தொட்டு அம்மாவுக்குக் காட்டினாள். வாத்து பார்க்கிறாயா என்று பைனாகுலரை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

கம்பெனியில் சிவப்பு அட்டை கட்டிய பொருளை உடனே தூக்கிப்போட மாட்டோம். கொஞ்ச நாள் ஓரமாக வைத்து, யாருக்காவது வேணுமா என்று எல்லா லைனிலும் கேட்போம். துருப்பிடித்த ஒரு ஸ்பேனருக்குக்கூடத் தவறாமல் கேட்கும் அந்தக் கேள்வியை அன்று ஏரிக்கரையில் கேட்காமல் விட்டேனே என்று, சிவப்பு அட்டையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மனசு குத்துகிறது.