திருப்பி அனுப்பிய மூட்டைகள்

கொரியாக்காரர்கள் தமிழ் பேச ஆரம்பித்திருந்த காலம் அது. சாயங்காலம் ஏழு மணியானால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு டிவியிலும் தமிழில் டப் செய்த அந்தக் கொரியத் தொடர்தான் ஓடும். விவாகரத்தான புருஷனும் பெண்டாட்டியும் தெரியாத்தனமாக எதிரெதிர் வீட்டுக்குக் குடிவந்துவிடுவார்கள். லிஃப்டில் இடித்துக்கொள்வார்கள், மழையில் ஒரே குடைக்குள் முறைத்துக்கொண்டே நடப்பார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போதே அவள் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் விவாகரத்தானவள்தான்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள். என் புருஷனாக இருந்தவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருந்தது. விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விடலாம் என்றேன். முடியாது என்றார். அதில் ஆரம்பித்த சண்டை கோர்ட்டில் போய் முடிந்தது. விலைதான் காரணம் என்று ஊர் சொன்னது. என் வாயும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், நானும் கோயம்புத்தூர் போகவில்லை. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையைப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்கிற வேலை.

மூட்டையை அவிழ்த்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் இலையை வைத்து முடிவு சொல்லக் கூடாது. வழியில் தூறல் பட்டு மேலாக நனைந்திருக்கும். சில பேர் முற்றிய இலையை அடியில் போட்டு மேலே கொழுந்தைப் பரப்பியிருப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி சுமாருக்கு, ஒரு வாடகை ஜீப்பில் நான்கு மூட்டையோடு அவர் வந்து இறங்கினார். எங்கள் பேக்டரிப் பக்கம் அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. இளைத்திருந்தார். 'ஏனுங்க' என்று கூப்பிட்டுப் பழகிய ஆளை இனி என்னவென்று கூப்பிடுவது? மூட்டையைப் பார்த்தபடி நின்றேன்.

வரிசையில் நின்ற, எங்கள் கதை தெரிந்த ஒருத்தர், "ஏழு மணி சீரியலு இன்னிக்கு நாலு மணிக்கே ஆரம்பிச்சிருச்சுங்கோ" என்றார். ஷெட்டே சிரித்தது. எடை போடுகிறவரும் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இலையை எடுத்துக்கொண்டால் நாளைக்கு இவர்கள் என்ன கதை கட்டுவார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. மூட்டையின் வாயை விலக்கினேன். மேலாக நனைந்திருந்தது.

"ஈர இலை. எடுக்க முடியாது" என்றேன்.

"வர்ற வழியில சாரல் அடிச்சிருச்சுங்க மேடம். கையை உள்ள உட்டுப் பாருங்க, அடியில நல்லா இருக்குதுங்க."

மேடமாம். கோபத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

"முடியாதுன்னா முடியாதுங்க. அடுத்த ஆளு வாங்க" என்றேன். கையை விட்டுப் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்துக்கு மேல் வேறு பேக்டரி தேடிப் போவதற்குள் இலை மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து வீணாகிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் நான்கு மூட்டையையும் கொட்டிவிட்டு, சாக்குகளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வேலை முடிந்து அந்தக் குவியலைத் தாண்டித்தான் நான் போக வேண்டியிருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். கத்தரியால் வெட்டாமல் கையால் கிள்ளியது. இரண்டு இலை, ஒரு கொழுந்து. முற்றியது ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட எந்த மூட்டையிலும் அப்படிப்பட்ட இலை இல்லை.

வீட்டுக்குப் போனபோது தொடர் ஆரம்பித்திருந்தது. மகள் ஞாயிறுதோறும் அப்பாவைப் பார்க்கப் போய்விட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். டீ டம்ளரை நீட்டினாள். அவள் விரல் நுனியெல்லாம் இலைக் கறை ஏறிக் கறுத்திருந்தது.

"கூலிக்கு ஆள் வெக்க முடியலைன்னு அப்பா ஒத்தையாக் கிள்ளிட்டிருந்தாரும்மா. காலையிலிருந்து நானும் கூடக் கிள்ளுனேன். நீ இருக்கற பேக்டரிக்கே கொண்டு போங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு வேண்டாம் வேண்டாம்னாரு."

டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இப்பத்தான் போன் பண்ணுனாரு. அடி வரைக்கும் கையை உட்டுப் பாத்துட்டு, இந்த மாதிரி இலை இன்னிக்கு வரவே இல்லைன்னு சொல்லி நீ எடுத்துக்கிட்டயாமா. அப்படியாம்மா சொன்னே?"

"ஆமா கண்ணு" என்றேன்.

அவள் சிரித்தபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன், கேட்கவில்லை. மறுவருஷம் தோட்டத்தை விற்றுவிட்டு மலையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. பிரிந்த பிறகும் அப்பாவிடம் நான் எவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்பதற்கு இன்னமும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் தன் புருஷனிடம் சொல்கிறாள். அவள் என்னை நல்லவள் என்று நம்புவது அவர் சொன்ன பொய்யால்.