நாலாவது பாட்டில் வந்த 'வா'

மல்லசமுத்திரத்தில் மணியன் வீடு எது என்று கேட்டால், "பிரான்சு மணியனுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மனுசன் பிரான்சுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. போனது ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசுகிற காமரூனுக்கு. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவர் அங்கே ரிக் வண்டி அனுப்பியபோது, ஆழ்துளைக் கிணறு போடுகிற டிரில்லராக ஐந்து வருசம் போய்க் கிடந்தார். பட்டப்பெயர் வந்தது ஒரு சிடியால்.

ரிக்கோடு போகும் லாரியில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. அதற்குள் எலோதி வெர்னே என்ற பிரெஞ்சுப் பாடகியின் சிடி சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. ஸ்குரூடிரைவர் போட்டு நெம்பியும் பார்த்தாயிற்று. உள்ளே இருந்துகொண்டு பாடுவாள், வெளியே மட்டும் வரமாட்டாள். அந்த ஊர் டிரைவர் இபிரகிம் காலி உறையைக் காட்டி, ஒற்றை விரலை நீட்டி, "பிரமியே, பிரமியே" என்பான். இதுதான் அவளுடைய முதல் ஆல்பம் என்கிறான் என்று மணியனுக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

மொத்தம் பதினோரு பாட்டு. சைட்டுக்குப் போகும்போதும் அதே, திரும்பும்போதும் அதே. அந்தப் புள்ள எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே குரல் லேசாகப் பிசிறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதல் ஆல்பம் அல்லவா, பயந்து பயந்து பாடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். அர்த்தம் ஒரு மண்ணும் தெரியாது. நாலாவது பாட்டில் மட்டும் ஒரு வார்த்தை அச்சுத் தமிழாகக் காதில் விழும். "வா... வா..." என்று பன்னிரண்டு தடவை. எண்ணியிருக்கிறார்.

ஐந்தாவது வருசக் கடைசியில் கம்பெனி இன்னும் மூன்று வருசம் இருக்கச் சொன்னது. அவரும் தலையாட்டிவிட்டார். ஊரில் மகள் மோகனப்பிரியா மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். போனில் பேசினால், "யாருங்க பேசறது?" என்று மரியாதையாகக் கேட்பாள். அந்த மரியாதைதான் அவரை அறுத்தது. அந்த வாரம் ஒரு மத்தியானம் நாலாவது பாட்டு ஓடியபோது, லாரியை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். இபிரகிம் பாட்டுப் பெட்டியைக் காட்டி என்னவோ சொல்லி, கையை வெளிப்பக்கமாக வீசி வீசிக் காட்டினான். ஈ ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த மாதம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிட்டார்.

வலிய வந்த வேலையை விட்டுவிட்டு வந்த கிறுக்கன் என்றது ஊர். அவர் சட்டை செய்யவில்லை. கிணற்றில் மோட்டார் இறக்குகிற வேலையைப் பிடித்துக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம், "பிரான்சுக்காரி வா வான்னு கூப்புட்டா, வந்துட்டனுங்க" என்றார்.

"நான் அஞ்சு வருசமாக் கூப்புட்டது காதுல உழுகல, எவளோ கூப்புட்டது உழுந்துதாக்கும்" என்பாள் மனைவி ஸ்ரீதேவி.

மகள் பதினொன்றாம் வகுப்பில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தாள். நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் மார்க்குக்காகச் செய்கிற வேலைதான். ஆனால் அவளுக்கு அது ஒட்டிக்கொண்டது. காலேஜிலும் விடாமல் படித்தாள். இருபத்தொரு வயதில், பிரான்சில் லியோன் என்கிற ஊரில் மேற்படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். செலவெல்லாம் அந்தக் காலேஜ்காரர்களுடையது. வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மணியன் முடியாது என்றுவிட்டார். அந்த வாரம் பூராவும் அதே பேச்சு.

"முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி வா வான்னதுக்கே எல்லாத்தயும் உட்டுப்போட்டு வந்தவன் நானு. எம்மவ போறேங்கறா!"

மோகனப்பிரியா ஒவ்வொரு தடவையும் எதையோ சொல்ல வாயெடுப்பாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விடுவாள். தன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று மணியனுக்கு உள்ளூர ஒரு கெத்து.

வியாழக்கிழமை நாமகிரிப்பேட்டையில் ஒரு மோட்டாரை இறக்கிவிட்டு, சோற்றுப் போசியைத் திறந்துவைத்துக்கொண்டு, போனில் அந்தப் பாட்டைத் தேடினார். சாயங்காலம் மகளுக்குப் போட்டுக் காட்டி, பேச்சை அத்தோடு முடித்துவிடலாம் என்று எண்ணம். பாட்டு வந்தது. எதையோ தொட்டதில் அடியில் தமிழில் அர்த்தமும் ஓட ஆரம்பித்தது. நாலு வரி கழித்து அந்த 'வா' வருகிற இடம் வந்தது.

'போ... போ... திரும்பிப் பார்க்காதே... போ...'

போன் உளறுகிறது என்று மறுபடி போட்டார். மறுபடியும் போ. இபிரகிம் வீசிய கை ஞாபகம் வந்தது. ஈ ஓட்டவில்லை அவன். பதின்மூன்று வருசமாக ஊரைக் கூட்டிச் சொன்ன கதை! வெட்கம் பிடுங்கித் தின்றது. போசியை மூடும்போதுதான் இன்னொன்று உறைத்தது. வீட்டில் பிரெஞ்சு படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே.

வண்டியை விரட்டி வீட்டுக்கு வந்தார். மகள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, அந்த 'வா'... அது 'போ'வாமா?"

அவள் கை நின்றது. "யாருங்கப்பா சொன்னா?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"பதினொண்ணாவது மொத வாரத்துலயே தெரியுமுங்க."

"அப்பறம் ஏஞ்சாமி சொல்லல? இந்த வாரம் பூரா அதச் சொல்லித்தானே உன்னத் தடுத்தேன். ஒரே வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் வாயடச்சுப் போயிருப்பேன்."

அவள் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "வான்னு நெனச்சுத்தானுங்கப்பா நீங்க ஊட்டுக்கு வந்தீங்க. அதப் போயி நான் எப்புடிங்க தப்புன்னு சொல்லுவேன்?"

மணியனால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கிணற்றடிப் பக்கம் போய் முகத்தைக் கழுவினார். கழுவக் கழுவக் கண்ணீர் நிற்கவில்லை. தன்னைக் காக்க இந்தப் பொடிசு வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, அதுவும் தன் சொந்த வழி அடைபடும்போதுகூட. ஈரக்கையோடு திரும்பி வந்து, "அவிங்களுக்கு வாரேன்னு எழுதிப்போடு" என்றார்.

ஆகஸ்டுக் கடைசியில் வாசலில் கார் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. ஸ்ரீதேவி திருநீறு பூசிவிட்டாள். மோகனப்பிரியா அப்பா முன்னால் வந்து நின்றாள். மணியன் அவள் தலையில் கைவைத்து, நிதானமாக, "போ சாமி. போ" என்றார்.

ஸ்ரீதேவிக்கு வந்ததே ஆத்திரம். "ஏனுங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? கெளம்பற புள்ளையப் பாத்து ஆராச்சும் போன்னு சொல்லுவாங்களா? போய்ட்டு வான்னு சொல்லுங்க!"

மோகனப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பா செரியாத்தாம்மா சொல்றாரு."