நான் போகாத பாரிவாக்கம்

மாதம் முடிந்ததும் என் கைபேசி, நான் போய்வந்த இடங்களை வரைபடத்தில் காட்டும். சென்ற மாதப் படத்தில் பாரிவாக்கம் இருந்தது. சனிக்கிழமைதோறும் அங்கே போனேனாம். பூந்தமல்லிப் பக்கத்து அந்த ஊரில் நான் கால் வைத்ததே இல்லை. யாரோ கைபேசிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்து, அம்பத்தூரில் எங்கள் தெருமுனை மொபைல் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் சிரித்தார். "யாரும் பூரல அண்ணாத்தே. உன் மெயில் ஐடி இன்னொரு போன்லயும் ஓடிகினு கீது. ஊட்ல யாருக்குனா போட்டுக் குட்த்தியா?"

"என் மகளுக்கு."

"அப்ப அது பாப்பா போன எடம். இதுக்குப் போயி பயந்துகினு வந்துட்டியே!"

எனக்குப் பயமே அப்போதுதான் தொடங்கியது. மீனா கல்லூரியில் சேர்ந்தபோது என் ஐடியையே போட்டுக் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு போல ஒரு ஐடி போதுமென்ற நினைப்பு. இப்போது வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமையும் ஆபீஸ் என்பாள்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஊர் கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் நான் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தியேட்டர் பக்கம் திரும்பினால், எனக்கு முன்பே செய்தி வீடு சேர்ந்துவிடும். ஆனால் சொன்னவர் யாரென்று தெரியும். மறுநாள் அவரிடம் சண்டைக்குப் போகலாம். அந்தக் கண்கள் இல்லாததுதான் சென்னை எனக்குத் தந்த முதல் நிம்மதி.

அடுத்த சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளியைத் தேடிப் போனேன். புது வீடுகளுக்கு நடுவே ஒரு மாடியில் 'மனநல ஆலோசனை' என்று சிறிய பலகை. மீனா படியிறங்கி வந்தாள். அழுது ஓய்ந்த முகம், ஆனால் தெளிவாக இருந்தது. என்னைக் கண்டதும் அந்தத் தெளிவு போய்விட்டது.

"எப்படிப்பா இங்க?"

கைபேசியைக் காட்டினேன். "உனக்கு என்னம்மா ஆச்சு?"

"ராத்திரி தூக்கமே வரல. உங்ககிட்ட சொன்னா உங்களுக்கும் வராது. உங்களுக்குத் தெரியாத எடம்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன். இனிமே எங்கப்பா போவேன்?"

 

அன்று மாலையே அவள் தன் கைபேசியிலிருந்து என் ஐடியை நீக்கினாள். பழைய பதிவுகளையும் அழிக்கச் சொன்னாள். அவளுடையது எது, என்னுடையது எது என்று பிரிக்கத் தெரியாமல் மொத்தமாக அழித்தேன். பாரிவாக்கத்தோடு, பொங்கலுக்குப் பொங்கல் நாங்கள் ஊருக்குப் போன நீலக் கோடுகளும் போயின.

நேற்றும் சனிக்கிழமை. "வரேன்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எங்கே என்று கேட்கவில்லை. அவள் தெருமுனை திரும்பியதும் வரைபடத்தைத் திறந்தேன். நான் எப்போதோ வைத்த 'வீடு' என்ற குறி இன்னும் கோவில்பட்டியில்தான் இருந்தது. அங்கே நான் போய்வந்த தடம் ஒன்றுகூட இல்லை. அம்பத்தூரில் என் புள்ளி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.