அண்ணன் பேரில் ஒரு வாரண்டு

சோலைராஜுக்குப் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியாது. இது ராஜபாளையத்தில் அவனைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் வேலை. நூல் அறுந்த இடத்துக்கெல்லாம் ஓடி ஓடி ஒட்டவேண்டும். எட்டு மணி நேரம் அப்படி நடந்துவிட்டு வந்தாலாவது மனுஷன் காலை நீட்ட வேண்டாமா? வீட்டுக்கு வந்தும் நடப்பான். "செத்த நேரம் உக்காருங்களேன், பாக்குற எனக்கே கால் வலிக்கி" என்று அவன் பெண்டாட்டி வேலுத்தாய் சத்தம் போடுவாள். ஆனால் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாசம் அவன் நடந்த நடை வேறு. அது பயத்தில் நடந்த நடை.

அந்த மாசம் அவனுடைய அண்ணன் சுயம்புலிங்கம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒன்பது வருஷம் ஒரே கம்பெனி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேலை விசாவைப் புதுப்பிக்க வேண்டும், முன்பெல்லாம் அதைக் கம்பெனியே முடித்துவிடும். வளைகுடாச் சண்டைக்குப் பிறகு கெடுபிடி கூடிப்போனது. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன் என்றால் சொந்த ஊர்ப் போலீஸ் அவனைப் பற்றி விசாரித்து, இவன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று சர்டிபிகேட் தரவேண்டும். அது செப்டம்பர் முப்பதுக்குள் கம்பெனிக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் விசா. சேராவிட்டால் கிரேனில் வேறு ஆள் ஏறிவிடுவான்.

சுயம்புலிங்கத்தோடு ஒரே விமானத்தில் வந்திறங்கிய சேத்தூர் உக்கிரபாண்டிக்குப் பன்னிரண்டே நாளில் சர்டிபிகேட் வந்தது, அவன் போயும் சேர்ந்துவிட்டான். சுயம்புலிங்கத்துக்கு மூன்று வாரமாகியும் வரவில்லை. மதினி செல்லத்தாய் புருஷன் கொண்டுபோவதற்கென்று முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்தாள். அது நமுத்துப்போய், பிள்ளைகள் தின்று தீர்த்து, மறுபடியும் சுட்டாள்.

"என்னன்னு ஸ்டேஷன்லயே போயிக் கேட்ருவோமாலே?" என்று ஒருநாள் காலையில் அண்ணன் சட்டையை மாட்டினான். சோலைராஜும் கூடப் போனான்.

ஸ்டேஷனில் தவசிமுத்து ஏட்டு நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி, ஒரு பழைய கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"உம்ம பேருல வாரண்டுல்லாய்யா கெடக்கு!"

சுயம்புலிங்கம் சிரித்துவிட்டான். "எம்பேருலயா? என்னத்துக்கு ஏட்டையா?"

"எம்பத்திநாலு நவம்பர், மில்லு மறியல். மேனேசர் கார் கண்ணாடிய ஒடைச்ச கேசு. முப்பத்தோரு பேரு மேல போட்டது. முப்பது பேரு கோர்ட்டுக்கு வந்து முடிச்சிட்டுப் போயிட்டான். நீரு ஒருத்தருதான் பாக்கி."

"நான் எந்த மில்லுல வேலை பாத்தேன்? அந்த வருசம் பூரா பம்பாயில, ஏஜெண்டு வீட்டு வாசல்ல படுத்துக் கெடந்தேன்."

"அதத்தான்யா இதுலயும் எழுதியிருக்கு" என்று ஏட்டு விரலை வைத்து வாசித்தார். "விசாரித்ததில் மேற்படி நபர் பம்பாய்க்குச் சென்றுவிட்டதாகத் தெரியவருகிறது. தலைமறைவு." அப்புறம் தகப்பன் பேர், தாத்தா பேர், பழைய வீட்டுக் கதவு எண் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்து, "நீருதான?" என்று கேட்டார்.

சோலைராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏனென்றால் அந்தப் பேரைக் கொடுத்தவனே அவன்தான்.

நடந்தது இதுதான். எண்பத்திநாலில் சோலைராஜ் அந்த மில்லில் டெம்பரவரி. போனஸுக்காக யூனியன் மறியல் என்றது, இவனும் போனான். இருநூறு பேரைப் போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். மத்தியானம் புளிசாதமும் துவையலும் போட்டார்கள். பாட்டும் சீட்டுமாகப் பொழுது போனது. சாயங்காலம் விடுகிறபோது ஒவ்வொருவனிடமும் பேர், தகப்பன் பேர், தாத்தா பேர், விலாசம் எல்லாம் கேட்டு எழுதினார்கள். வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒருத்தன் திரும்பி, "இந்த லிஸ்ட்டு நேரா மில்லு ஆபீசுக்குப் போகுமாம்ல. டெம்பரவரி எவன் பேரு இருந்தாலும் சீட்டுக் கிழியுமாம்" என்றான். சோலைராஜும் டெம்பரவரிதானே. தன்முறை வந்ததும் வாயில் வந்தது அண்ணன் பேர். அண்ணன் ஊரிலேயே இல்லை, மில்லுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, அவன் பேரை எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? இருபத்திரண்டு வயசுப் பயலுக்கு அவ்வளவுதான் புத்தி ஓடியது. கார் கண்ணாடி எப்போது உடைந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

சரி, அத்தோடாவது விட்டானா? மறுவருஷம் சம்மனோடு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "சுயம்புலிங்கம் யாரு?" என்று கேட்டார். சோலைராஜ் வாசலிலேயே மறித்து, "எங்கண்ணன்தான் சார், பம்பாய்க்குப் போயிட்டாரு" என்றான். பொய்யில்லை, மெய்தான். அந்த மெய்யை எழுதிக்கொண்டு போலீஸ்காரர் போய்விட்டார். பிறகு அண்ணன் மஸ்கட்டுக்குப் போனான். அண்ணனுக்குப் பாஸ்போர்ட் விசாரணை மறியலுக்கு முந்தின வருஷமே முடிந்திருந்ததால் எதுவும் தட்டவில்லை. தொண்ணூறில் சோலைராஜை மில்லில் பெர்மனெண்ட் ஆக்கினார்கள். மறியலை அவன் மறந்தே போனான்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "எவனோ எம்பேரக் குடுத்திருக்கான்லே" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ரோட்டில் வேறு யாரும்கூட இல்லை. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஆமாண்ணே. அன்னைக்கு எரநூறு பேரு. எந்தப் பயன்னு கண்டோம்?" அடப்பாவி!

மறுநாள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். கோர்ட் அங்கேதான். சாரங்கபாணி வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு வழி இருக்கு. நீங்களே போய் நின்னு, ஆமாம்னு ஒத்துண்டா நூறோ இருநூறோ அபராதம், ஒரே நாள்ல முடிஞ்சுடும். ஆனா தண்டனைன்னு பதிவாயிடும். அப்புறம் அந்த விசாவை நீங்க மறந்துடணும்."

"இன்னொரு வழி?" என்று கேட்டான் அண்ணன்.

"உங்க பேரைக் குடுத்தவன் வரணும். நான்தான் குடுத்தேன்னு கோர்ட்ல சொல்லணும். அவன் இன்னிக்கு வந்தான்னா ஆறு வாரத்துல உங்க பேரைச் சுத்தமா எடுத்துடலாம், செப்டம்பர் பாதிக்குள்ள சர்டிபிகேட் கையில. ஆனா எவன் வருவான்? பொய்ப் பேர் குடுத்ததுக்கு அவன் மேல தனியா வழக்கு வரும். மில்லு ஆளா இருந்தா வேலையும் சந்தேகம்தான்."

அண்ணன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்த சோலைராஜ், அந்தத் தெருவைக் கீழும் மேலுமாக நாலு தடவை நடந்தான்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இல்லை. மில்லில் அறுந்த நூலைப் பார்த்தபடி நிற்பான். மேஸ்திரி வந்து ஏசின பிறகுதான் கை நகரும். வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் தபாலாபீசுக்குப் போவான், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷனிலிருந்து டீக்கடைக்கு. "என்னய்யா தெனமும் வாரீரு?" என்று தவசிமுத்து ஏட்டே சலித்துக்கொண்டார். நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று தினமும் நினைப்பான். நாளைக்கு விடிந்ததும், எட்டு வருஷம் டெம்பரவரியாக நாய் படாத பாடுபட்டு வாங்கிய பெர்மனெண்ட் வேலை கண்ணில் வந்து நிற்கும். வேறு ஏதாவது வழி பிறக்காதா, அரசாங்கம் பழைய மறியல் கேசை எல்லாம் தள்ளுபடி செய்யாதா என்று பேப்பரில் வரிவரியாகத் தேடுவான். ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்தது. தேர் நிலைக்கு வருகிற வரைக்கும் பின்னாலேயே நடந்தவன், ஆண்டாளிடம் கேட்டதெல்லாம் கேஸ் தள்ளுபடியாக வேண்டும் என்பதுதான். சொல்லத் தைரியம் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அண்ணனோ கலங்கின மாதிரியே தெரியவில்லை. ஒழுகுகிற குழாயை மாற்றினான். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். கட்டிவைத்த பெட்டி கட்டினபடியே கிடந்தது. செல்லத்தாய்தான் மூன்றாவது தடவை முறுக்கு மாவை வைத்துக்கொண்டு, "சோலை தம்பி, இந்த வாரமாச்சும் வந்துருமா? சுடட்டா, வேண்டாமா?" என்று கேட்பாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "சுடுங்க மதினி" என்று சொல்லிவிட்டு நழுவுவான்.

இருபத்து நாலு நாள் இப்படியே ஓடியது. ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி, சோலைராஜ் ஷிப்டுக்குக் கிளம்புகிறபோது அண்ணன் வாசலுக்கு வந்தான்.

"ஏலே சோலை, ஒங்க மில்லுல வாட்ச்மேன் வேலை எதுவும் காலி இருந்தா கேட்டுப் பாரேன்."

"ஒனக்காண்ணே?"

"பொறவு யாருக்கு? விசாவ நம்பிக்கிட்டு எம்புட்டு நாளைக்குச் சும்மா இருக்க?"

சோலைராஜ் மில் கேட் வரைக்கும் போனான். அங்கே காக்கிச் சட்டையும் விசிலுமாக ஒரு கிழவர், உள்ளே வருகிற கார்களுக்கெல்லாம் சலாம் வைத்துக்கொண்டிருந்தார். எண்பது அடி உயரத்தில் உட்கார்ந்து கப்பல் சரக்கைத் தூக்கி வைக்கிறவன் எங்கண்ணன், அவன் இங்கே நிற்கவா? சோலைராஜ் உள்ளே போகவில்லை. அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினான்.

வீட்டில் அண்ணன் தனியாக இருந்தான். "அண்ணே, அது நான்தான். நான்தான் ஒம்பேரக் குடுத்தேன்" என்றான் சோலைராஜ். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை.

"சரி" என்றான் அண்ணன். "சாப்ட்டியா?"

மறுநாள் காலையில் சோலைராஜ் வக்கீல் வீட்டில் போய் நின்றான், அவர் உடனே மனுப் போட்டார். அடுத்த வாரம் கோர்ட்டில் டவாலி, "சுயம்புலிங்கம்! சுயம்புலிங்கம்!" என்று கூப்பிட்டபோது சோலைராஜ் கூண்டில் ஏறி, "ஐயா, அந்தப் பேரக் குடுத்தது நான். எம்பேரு சோலைராஜ்" என்றான். மாஜிஸ்திரேட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். போலீஸ் விசாரித்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்றார். ரிப்போர்ட் வந்து, வாய்தா இரண்டு நகர்ந்து, கடைசியில் அபராதமும், கோர்ட் கலைகிற வரைக்கும் ஒரு மூலையில் நிற்கிற தண்டனையும் கிடைத்தது. மூலையில் நிற்பதுதான் அவன் பயந்த ஜெயில். மில்லில் மெமோ கொடுத்து ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். புது மேனேஜர், "அந்தக் காரே இப்ப இல்லையேப்பா" என்று சொல்லி எட்டாம் நாள் உள்ளே விட்டார். இதற்காகவா இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வக்கீல் சொன்ன கணக்குப் பிசகவில்லை. சரியாக ஆறு வாரம். அக்டோபர் பதினொன்றாம் தேதி சர்டிபிகேட் தபாலில் வந்தது. மேற்படி நபர் மீது வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை. மஸ்கட்டிலிருந்து தந்தி அதற்கு எட்டு நாள் முந்தியே வந்துவிட்டது. உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது, சாமான்களை அனுப்பிவைக்கிறோம் என்று.

அண்ணன் சர்டிபிகேட்டை ஒரு தடவை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வாலே, டீ குடிப்போம்" என்று கடைக்குக் கூட்டிப்போனான்.

"மூணு வாரம் முந்திச் சொல்லியிருந்தா நீ இந்நேரம் மஸ்கட்டுல இருப்பண்ணே. ஒஞ்சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டேன். ஒரு அடியாச்சும் அடிச்சிரு."

"மொத நாள் ஸ்டேஷன்லயே எனக்குத் தெரியும்லே" என்றான் அண்ணன். "எவனோ குடுத்திருந்தா தாத்தா பேரு வரைக்குமா குடுப்பான்?"

சோலைராஜ் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டான்.

"தெரிஞ்சா ஏண்ணே கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே!"

"கேக்கணும்னுதான் தெனமும் வாயெடுப்பேன்" என்றான் சுயம்புலிங்கம். "நீ இல்லைன்னு சொல்லிட்டா, பொறவு எனக்கு தம்பியும் இல்லாமப் போயிரும்லடா."