ஆண்டெனாவைத் திருப்பியவள்

எங்கள் பிளாக்கில் முதலில் டிவி வாங்கியது நாங்கள்தான். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு அக்கம்பக்கம் முழுக்க எங்கள் குவார்ட்டர்ஸில் கூடிவிடும். என் கணவருக்கு மைன்ஸில் வேலை. "மண்ணு வெட்டுற மிஷின் உச்சியில நின்னு டீ குடிக்கிறவன் நான்" என்று வந்தவர்களிடமெல்லாம் அளப்பார். உயரமென்றால் நடுங்கும் என்னை ஸ்டூலில் ஏறச் சொல்லிச் சிரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காற்றில் ஆண்டெனா திரும்பிப் படம் போய்விட்டது. மொட்டை மாடிக்குப் படி கிடையாது. மூங்கில் ஏணியில் பாதி ஏறிய வீரர், கண்ணை இறுக மூடி ஏணியைக் கட்டிக்கொண்டார்.

"என்னாண்ணே, அங்கியே நின்னுகினு இருக்கீங்க?" என்றாள் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து பால் கொண்டுவரும் பெண்.

"எறங்குங்க" என்றேன். இறங்கினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறினேன். கால் நடுங்குமென்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. ஆண்டெனாவைத் திருப்பியதும் கீழே பாட்டு கேட்டது. இத்தனை வருடம் நான் பயந்தது உயரத்துக்கு அல்ல, கீழே நின்று சிரிக்கும் அந்த வாய்க்கு. அன்று அது மூடியிருந்தது.

மறுநாள் ஷிப்டில், தானே ஏறித் திருப்பியதாகச் சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும். அடுத்த முறை காற்றடித்தபோது, "நீயே ஏறேன்" என்றார் மெதுவாக.

"மிஷின் உச்சியில டீ குடிக்கிறவரு நீங்கதான?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, ஏணியைச் சுவரில் சாய்த்துக் கொடுத்தேன்.